அபாயமா, எச்சரிக்கையா, கவனமா?

மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற பிள்ளை ஒருத்தி என் மாலை வகுப்பில் கேட்டாள்: "டீச்சர், வேலை செய்யிற இடத்துப் பலகையில டேஞ்சர் எண்டு இருக்கு. ஜெனரேட்டரில வோர்னிங் எண்டு இருக்கு. பூச்சிமருந்துப் போத்தில்ல கோஷன் எண்டு இருக்கு. எங்களுக்கு எல்லாத்துக்கும் எச்சரிக்கை எண்டுதான் சொல்லித் தந்தவை. அப்ப ஏன் மூண்டு சொல்?"

அகராதி இங்கே அதிகம் உதவாது. டேஞ்சர் என்றால் ஆபத்து, மற்ற இரண்டும் எச்சரிக்கை என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கிவிடும். ஆனால் கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பிக்கிற ஒருவர் அப்படி ஒதுங்க முடியாது. என் வகுப்புக்கு வருகிறவர்களில் சிலர் மிதிவெடி அகற்றுகிறார்கள். சிலர் ஆடைத் தொழிற்சாலையில், சிலர் அரிசி ஆலையில். சிலருக்குப் பிரதேச செயலகத்தோடு தொடர்புள்ள வேலை. ஆங்கிலப் பலகையைப் படிப்பதும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதும் இவர்களுடைய சம்பளத்தின் ஒரு பகுதி. பரீட்சையில் சொல் பிழைத்தால் ஒரு புள்ளி போகும். இவர்களுடைய வேலையில் சொல் பிழைத்தால் ஆள் தப்பான இடத்தில் போய் நிற்பார்.

பலகைச் சொற்களில் தொடங்குகிறேன். இயந்திரங்களில் ஒட்டிவரும் பல ஆங்கில லேபல்கள் அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. ஸெட் 535 என்ற தர வரையறைப்படி எழுதப்பட்டவை. அதில் எந்தச் சொல்லைப் போடுவது என்பது எழுதுகிறவரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. டேஞ்சர் என்றால், விலகாவிட்டால் சாவு அல்லது பெருங்காயம் நேரும். வோர்னிங் என்றால், விலகாவிட்டால் சாவோ பெருங்காயமோ நேரக்கூடும். கோஷன் என்றால், சிறுகாயமோ நடுத்தரக் காயமோ நேரக்கூடும். நோட்டிஸ் என்பது ஆளுக்குக் காயம் பற்றியதே அல்ல. பொருளுக்குச் சேதம் வரும் இடங்களில் போடுவது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், நீலம் என்று நிறங்களும் இதே வரிசையில் வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. டேஞ்சருக்கும் வோர்னிங்குக்கும் இடையில் காயத்தின் கனம் மாறவே இல்லை. இரண்டிலும் சாவுதான் பேசப்படுகிறது. மாறுவது நிச்சயம் மட்டும்: ஒன்றில் "நேரும்", மற்றதில் "நேரக்கூடும்". வோர்னிங்கிலிருந்து கோஷனுக்கு இறங்கும்போது நிச்சயம் மாறவில்லை, இரண்டிலும் "நேரக்கூடும்" தான். இப்போது காயத்தின் கனம் குறைகிறது. ஆக, எழுதுகிறவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எவ்வளவு மோசமாக நடக்கும்? எவ்வளவு உறுதியாக நடக்கும்? ஒரே ஏணியில் மேலும் கீழும் ஏறி இறங்குவதாக நினைத்துக்கொண்டு பயம் கூடினால் பெரிய சொல், குறைந்தால் சின்னச் சொல் என்று போடுபவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைத் தவறவிடுகிறார்கள்.

வகுப்பில் ஓர் அரிசி ஆலையை வைத்துப் பழகினோம். மூடி கழன்று உயிர்க்கம்பி வெளியே தெரியும் மின்பெட்டிக்கு எல்லோரும் ஒரே குரலில் டேஞ்சர் என்றார்கள். கழுவிய சீமெந்துத் தரைக்குக் கோஷன். மோட்டரிலிருந்து ஓடும் பெல்ற்றுக்கு வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஆலையில் வேலை செய்கிற அண்ணை ஒருவர் சொன்னார்: "சாரத்தின்ர தலைப்பு ஒருக்கா அகப்பட்டால் காணும் டீச்சர், ஆளை இழுத்துப் போடும். அது டேஞ்சர்தான்." இன்னொருவர், பெல்ற்றுக்குக் கம்பிக்கூடு போட்டிருந்தால் வோர்னிங் போதும் என்றார். இருவரும் சரி. கூடு இருந்தால், அதைக் கழற்றினால்தான் கேடு. அப்போது கூட்டின்மேல் வோர்னிங். கூடு இல்லையென்றால் டேஞ்சர். ஆனால் கூடு இல்லாத இடத்தில் செய்ய வேண்டிய வேலை பலகை எழுதுவதல்ல, கூட்டைத் திரும்பப் போடுவது. பாதுகாப்புத் துறையில் பலகைக்கு வரிசையில் கடைசிக்குப் பக்கத்து இடம்தான் கொடுத்திருக்கிறார்கள். முதலில் கேடு தருவதை இல்லாமல் செய், முடியாவிட்டால் மாற்று, முடியாவிட்டால் தடுத்து மூடு, அதற்குப் பிறகுதான் சொல். சொல்லைப் பற்றியே எழுதும் பதிவில் இதைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது.

பூச்சிமருந்துப் போத்தல் வேறு கதை. இரசாயனப் பொருட்களுக்கு ஐக்கிய நாடுகள் சபை 2003 இல் வெளியிட்ட உலக ஒத்திசைவு முறையில் இரண்டே சொற்கள்தான்: டேஞ்சர், வோர்னிங். கோஷன் கிடையாது. அங்கே வோர்னிங் தான் கீழ்ப்படி. அமெரிக்கப் பூச்சிகொல்லி லேபல்களில் மூன்றும் உண்டு, அங்கே வோர்னிங் நடுப்படி. ஒரே சொல், போத்தலுக்குப் போத்தல் வேறு தரம். ஆகவே நெல்லுக்கும் மிளகாய்க்கும் மருந்து அடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஆங்கிலச் சொல்லைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம் என்பதுதான். போத்தலின் அடியில் ஓடும் நிறப்பட்டையைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமை, பிறகு மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி. பச்சைப் பட்டையும் குடிக்கிற தண்ணீரல்ல.

இனி மிதிவெடிக்கு வருகிறேன். கேள்வி கேட்ட பிள்ளை வேலை செய்வது முகமாலைப் பக்கம். பல ஆண்டுகள் முன்னரங்காக இருந்த நிலம் அது. உலகத்திலேயே மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். நிலத்துக்குள் இருந்தவை அதற்கும் வெகுகாலம் முந்தியவை. அங்கே சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்து டேஞ்சர் என்று எழுதியிருப்பதை மாற்ற ஒன்றுமில்லை. பலகையில் அதுதான் சரியான சொல். கஷ்டம் வருவது அறிக்கையில்.

மிதிவெடி அகற்றுகிறவர்களின் ஆங்கிலத்தில் டேஞ்சர் என்ற சொல் குறைவாகவே வரும். ஹசார்ட், ரிஸ்க் என்ற இரண்டும்தான் எங்கும். ஹசார்ட் என்பது மண்ணுக்குள் கிடக்கும் பொருள். ரிஸ்க் என்பது அந்தப் பொருளும் ஆளும் சந்திக்கும் வாய்ப்பும், சந்தித்தால் வரும் விளைவும். யாரும் போகாத காட்டு மூலையில் பத்து வெடி கிடந்தால் ஹசார்ட் பெரிது, ரிஸ்க் சிறிது. மாடு சாய்க்கிற ஒற்றையடிப் பாதையில் ஒன்று கிடந்தால் ரிஸ்க் மிகப் பெரிது. எந்த நிலத்தை முதலில் துப்புரவு செய்வது என்று தீர்மானிப்பது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். இரண்டையும் "ஆபத்து" என்று ஒரே சொல்லில் எழுதினால் மாட்டுப்பாதையும் காட்டு மூலையும் ஒரே வரிசையில் நின்றுவிடும்.

இன்னொரு சோடி, சஸ்பெக்டட், கன்ஃபர்ம்ட். சந்தேகத்துக்குரிய ஹசார்ட் பகுதி, உறுதிசெய்யப்பட்ட ஹசார்ட் பகுதி என்று நிலத்தை இரண்டாகப் பிரித்துப் பதிவார்கள். ஊரவர் ஒருவர் "அங்கால போகாதேங்கோ, முந்தி ஆமி இருந்த இடம்" என்றால் அது மறைமுகச் சான்று. வெடியைக் கண்ணால் கண்டால், அல்லது அங்கே வெடித்து மாடு செத்திருந்தால் நேர்ச்சான்று. முதலாவது சஸ்பெக்டட், இரண்டாவது கன்ஃபர்ம்ட். பயத்தில் எல்லாவற்றையும் கன்ஃபர்ம்ட் என்று எழுதினால் ஒரு குடும்பத்தின் காணி காரணமில்லாமல் இன்னும் சில வருடம் சிவப்புக்குள் கிடக்கும். பயிர் வைக்க முடியாது, வீட்டுத்திட்டம் வராது. அவசரத்தில் சஸ்பெக்டட் என்பதையும் விட்டுவிட்டால் பிள்ளைகள் விளையாடப் போவார்கள். எச்சரிக்கை கூடினால் நல்லதுதானே என்று நினைக்கிறவர்கள் இந்தக் காணிக்காரரோடு ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும்.

பாடசாலைகளில் வெடிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு முன்பு ஆங்கிலத்தில் மைன் அவெயார்னஸ் என்று பெயர். பிறகு அதை ரிஸ்க் எடியுகேஷன் என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். அவெயார்னஸ் என்பது தெரிந்திருப்பது. வன்னியில் வெடி இருப்பது யாருக்குத் தெரியாது? பழைய இரும்பு பொறுக்கப் போகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். விறகுக்குப் போகிற அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே போகிறார்கள், அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக. அவர்களிடம் போய் இன்னும் உரத்த குரலில் டேஞ்சர் என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. எந்தப் பாதை துப்புரவாகிவிட்டது, இரும்பைத் தொடாமல் எப்படி அறிவிப்பது, யாருக்கு அறிவிப்பது என்பவைதான் உதவும். எச்சரிப்பதற்கும் கற்பிப்பதற்கும் ஆங்கிலத்தில் வேறு சொல் வைத்திருப்பதற்கு இங்கே உயிருள்ள காரணம் இருக்கிறது.

காலநிலைச் சொற்கள் எங்கள் சனத்தை இன்னும் அதிகமாகக் குழப்புகின்றன, ஏனென்றால் அவை இரண்டு மூன்று நாடுகளிலிருந்து ஒரே நேரத்தில் வருகின்றன. நவம்பர், டிசம்பர் வந்தால் வன்னியில் தமிழ்நாட்டுச் செய்தியும் ஓடும், கொழும்பு அறிக்கையும் ஓடும், யாரோ அனுப்பிய அமெரிக்கப் படமும் கைத்தொலைபேசியில் சுற்றும். அமெரிக்கக் கணக்கில் வோட்ச் என்றால் புயலுக்கு ஏற்ற நிலைமை கூடியிருக்கிறது, வோர்னிங் என்றால் அது நடந்துகொண்டிருக்கிறது அல்லது நடக்கப்போகிறது. அட்வைசரி அதற்குக் குறைந்தது. இந்திய வானிலைத் துறையின் நிறக்கணக்கில் மஞ்சள் வோட்ச், செம்மஞ்சள் அலேர்ட், சிவப்பு வோர்னிங். மஞ்சளுக்கு "செய்தியைக் கேட்டுக்கொண்டிரு", செம்மஞ்சளுக்கு "ஆயத்தமாகு", சிவப்புக்கு "செயற்படு". தொலைக்காட்சியில் "ரெட் அலேர்ட்" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம், ஆனால் அந்தக் கணக்கில் அலேர்ட் சிவப்புக்கு ஒரு படி கீழே நிற்கும் சொல். புயலுக்கும் அவர்களிடம் ஒழுங்கு உண்டு: 72 மணித்தியாலத்துக்கு முன் புயலுக்கு முந்திய வோட்ச், 48 மணித்தியாலத்துக்கு முன் அலேர்ட், 24 மணித்தியாலத்துக்கு முன் வோர்னிங்.

வோட்சுக்கும் வோர்னிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எவ்வளவு விளக்கியும் வகுப்பில் சிலருக்குப் பிடிபடவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து பின் வாங்கில் இருக்கும் ஓர் அம்மாதான் எழும்பிச் சொன்னார்: "வண்டு சுத்திறது வோட்ச். கிபிர் வாறது வோர்னிங். என்ன டீச்சர்?" போர்க்காலத்தில் வேவு விமானத்துக்கு இங்கே வண்டு என்று பெயர். கிபிர் என்பது குண்டு போட வரும் போர்விமானம். வண்டு மேலே சுற்றினால் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பங்கருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், ஆனால் உள்ளே இறங்கமாட்டார்கள். கிபிர் இரைச்சல் கேட்டால் இறங்குவதைத் தவிர வேறு பேச்சில்லை. 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் தலையாட்டினார்கள். அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்காது.

அந்த அம்மா சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செயல் கட்டியிருந்தது. வண்டு என்றால் இன்னது செய், கிபிர் என்றால் இன்னது செய். செயல் இல்லாத எச்சரிக்கைச் சொல் காதில் விழும், காலுக்கு இறங்காது. எங்கள் ஆங்கில அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் "த பப்ளிக் ஆர் அட்வைஸ்ட் டு பீ விஜிலன்ட்" என்ற வாக்கியத்தை நான் நம்பாததற்கு அதுதான் காரணம். அட்வைஸ்ட் என்பதை எங்கள் ஆட்கள் ஆலோசனை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆலோசனை என்றால் கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம். அலுவலக ஆங்கிலத்தில் அது மரியாதை போர்த்திய கட்டளை. விஜிலன்ட், அதாவது விழிப்பாயிரு, என்பதற்கு என்ன செய்வது? வாசலில் நின்று மழையைப் பார்ப்பதா?

2004 டிசம்பர் 26 ஆம் திகதி முல்லைத்தீவுக்கு எந்தச் சொல்லும் வந்து சேரவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் காலை ஏழு மணியளவில் கடலடி அதிர்ந்தது. அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வர அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நில அதிர்வை உடனே அறிந்தது. அதன் முதல் அறிக்கை பசிபிக் கரைகளுக்குச் சுனாமி ஆபத்து இல்லை என்று சொன்னது. பசிபிக்கைப் பொறுத்தவரை அது சரிதான். இந்து சமுத்திரத்துக்கு என்று ஒரு நிலையம் அன்றைக்கு இல்லை. அடுத்த ஆண்டில்தான் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, 2005 இன் 13 ஆம் இலக்கம். இந்து சமுத்திர எச்சரிக்கை முறை முழுதாக இயங்கத் தொடங்கியது 2011 இல்.

2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய அதிர்வு, 8.6. இந்த முறை சொல் வந்தது. கரையோரச் சனம் ஓடியது. பெரிய அலை வரவில்லை, கடலடி மேலெழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்த அதிர்வு அது. சில மணித்தியாலத்தில் எச்சரிக்கையை விலக்கினார்கள். பிறகு பலர் ஆங்கிலத்தில் அதை ஃபோல்ஸ் அலாம் என்று எழுதியதைப் பார்த்தேன். அதற்கு நான் உடன்படமாட்டேன். இல்லாத தீயைச் சொல்லி மணி அடித்தால் ஃபோல்ஸ் அலாம். அன்றைக்கு அதிர்வு உண்மை, அலை வருமா என்று அந்த நேரத்தில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அதற்கு வோர்னிங் கொடுத்தார்கள், ஆபத்து இல்லையென்று தெரிந்ததும் அதை லிஃப்ட் பண்ணினார்கள், அல்லது கான்சல் பண்ணினார்கள். இந்த வினைகளைப் பாவித்தால் எச்சரித்தவர் பொய்யர் ஆகமாட்டார். ஃபோல்ஸ் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த முறை சனம் ஓடாது. முல்லைத்தீவுக் கரையில் நினைவுத்தூணைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லை எழுத எனக்கு மனம் வராது.

வினைச்சொல்லின் இலக்கணத்துக்கு வருவோம். வோர்ன் என்ற வினை ஆளைக் கேட்கும்: யாரை? பழைய ஒழுங்கான ஆங்கிலத்தில் ஆள் இல்லாமல் அது நிற்காது. "திணைக்களம் எச்சரித்தது" என்று ஆளை விட்டுவிட்டு எழுதுவது பத்திரிகைகள் பரப்பிய வழக்கம், இப்போது எல்லோரும் ஏற்றுக்கொண்டாயிற்று. ஆனாலும் அறிவித்தல் எழுதும்போது பழைய ஒழுங்கைப் பிடியுங்கள் என்று சொல்வேன். யாருக்குச் சொல்கிறோம் என்று எழுத வேண்டி வந்தால், அவர்களுக்கு அது போய்ச் சேருமா என்ற யோசனையும் கூடவே வரும்.

ஆளுக்குப் பிறகு வரும் சிறுசொல்லில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். ஒவ் வந்தால், வரப்போகிற கேடு: வெள்ளம், புயல். கொஞ்சம் உத்தியோகபூர்வமான தொனி. எபௌட் வந்தால், ஏற்கெனவே இருக்கிற ஒன்றைப் பற்றிய விபரம்: அந்த வீட்டு நாய், ஒட்டுசுட்டான் றோட்டில் இரவில் நிற்கும் யானை, உடைந்த பாலம். எகெய்ன்ஸ்ட் செயலோடு வந்தால், அந்தச் செயலைச் செய்யாதே. இங்கேதான் தமிழ் காலை வாரும். "குளத்தில் குளிக்க வேண்டாம் என்று எச்சரித்தார்" என்ற வாக்கியத்தில் "வேண்டாம்" இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு எகெய்ன்ஸ்ட் நொட் பேதிங் என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எகெய்ன்ஸ்ட் என்ற சொல்லே அந்த "வேண்டாம்". மேலே ஒரு நொட்டைப் போட்டால் வாக்கியம் தலைகீழாகி, குளிக்காமல் இருக்காதீர்கள் என்று ஆகிவிடும். நொட் வேண்டுமென்றால் வோர்ன்ட் அஸ் நொட் டு பேத் என்று எழுத வேண்டும். முதலை நிற்கும் குளத்தங்கரையில் இந்தப் பிழை சின்னப் பிழையல்ல.

அலேர்ட் வினையாக வந்தால் டு என்ற சொல்லைக் கேட்கும். கவனத்தில் படாத ஒன்றின் பக்கம் ஆளைத் திருப்புவது அது. கேடு இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, கணக்கில் ஒரு பிழையைக் காட்டுவதும் அலேர்ட் தான். இத்தாலிய மொழியில் காவல் மேட்டுக்கு ஏறு என்ற கூவலிலிருந்து வந்த சொல் அது. ஆயுதம் எடு என்ற கூவலிலிருந்து வந்தது அலாம். ஒன்று பார்க்கச் சொன்னது, மற்றது எழும்பச் சொன்னது. இன்றைக்கும் அந்த வித்தியாசம் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிவெயார் ஒரு விசித்திரமான வினை. நேற்று, இன்று, நாளை என்று அது மாறாது. பெரும்பாலும் ஏவலாகவே நிற்கும். எங்கள் கேற்றுகளில் தொங்கும் "கடிநாய் கவனம்" அதற்குச் சரியான சோடி. தமிழ்நாட்டில் ஜாக்கிரதை என்பார்கள், எங்களுக்குக் கவனம். வீட்டிலிருந்து வெளிக்கிடும் யாருக்கும் "கவனமாப் போட்டு வாங்கோ" என்று சொல்லாமல் வன்னியில் ஒரு தாயும் விடமாட்டார். எச்சரிக்கை என்பது எங்கள் வாயில் வரும் சொல் அல்ல. அது ஒலிபெருக்கியிலும் துண்டுப் பிரசுரத்திலும் வந்த சொல். கோயிலில் திருவூஞ்சல் பாட்டின் முடிவில் எச்சரீக்கை, பராக்கு என்று பாடும்போது மட்டும் அது இனிமையாகக் கேட்கும். அங்கே அதற்கு, பெரியவர் எழுந்தருளுகிறார், விழிப்பாயிருங்கள் என்றுதான் பொருள்.

கோஷன் என்ற சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கிறது, உதைபந்தாட்டம் விளையாடும் பெடியளுக்கு அது சட்டென்று விளங்கும். மஞ்சள் அட்டைக்கு விதிநூலில் உள்ள பெயர் கோஷன். 1970 உலகக் கிண்ணத்திலிருந்து அட்டை காட்டுகிறார்கள். செய்து முடித்த குற்றத்துக்கு அது கணக்கு, அடுத்ததற்கு முன்னறிவித்தல். எங்கள் நீதிமன்றச் செய்திகளில் "கடுமையாக எச்சரித்து விடுவிக்கப்பட்டார்" என்று வருவதும் இந்தக் குடும்பம்தான். வழுக்கும் தரைக்குப் போடும் கோஷனையும் இதையும் சேர்த்துக் குழப்பாதீர்கள்.

இனி எனக்கு மிக முக்கியமான சோடி, வோர்னும் த்ரெட்டனும். கேடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இரண்டையும் பிரிக்கும் கோடு. சொல்கிறவரின் கைக்கு வெளியே இருந்து வந்தால் வோர்ன். சொல்கிறவரே செய்வதாக இருந்தால் த்ரெட்டன், அதாவது மிரட்டல். தமிழ்ச் செய்திகள் இரண்டையும் எச்சரிக்கை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. "வேலைநிறுத்தம் செய்வோம் என்று தொழிற்சங்கம் எச்சரிக்கை" என்று வரும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் வோர்ன்ட் ஒவ் என்று போட்டால் சங்கத்துக்கு அனுசரணை, த்ரெட்டன்ட் டு என்று போட்டால் முதலாளிக்கு அனுசரணை. இரண்டு பக்கமும் சாயாமல் இருக்க வேண்டுமென்றால் செட் இட் வுட், அதாவது செய்வதாகச் சொன்னது, என்று எழுதலாம். மாணவர்களிடம் ஒரே செய்தியை மூன்று விதமாக எழுதச் சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் ஆங்கிலப் பத்திரிகையைப் படிக்கும் விதமே மாறிவிடுகிறது.

இந்தக் கோட்டை மறைத்து எழுதவும் முடியும். 2008 செப்டம்பரில் அரசாங்கம், வன்னியிலிருந்த ஐ.நா. மற்றும் சர்வதேச உதவிப் பணியாளர்களின் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதம் தர முடியாது என்று அறிவித்தது. அந்த மாதத்துக்குள்ளேயே ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனார்கள். போக வேண்டாம் என்று சனம் அவர்களுடைய வாசலில் கூடி நின்று கேட்டது. "கனொட் கரண்டீ" என்ற அந்தத் தொடரை இலக்கணமாக மட்டும் பாருங்கள். அதில் வோர்ன் இல்லை, த்ரெட்டன் இல்லை. கேடு செய்யப்போகிறவர் யார் என்பதும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்ற ஏவலும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார்கள். வாகனம் உள்ளவர்களை நோக்கிச் சொன்ன வாக்கியம் அது. போக இடமில்லாமல் வாசலில் நின்றவர்களை அது ஒரு சொல்லாலும் அழைக்கவில்லை. வோர்ன் என்ற வினைக்கு ஆள் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தோம்: இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறப்பதற்கு முன் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல். 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதி மழையும் அதன் பிறகு வந்த வெள்ளமும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்தவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். முதல் வரைவில், தாழ்ந்த பகுதி மக்கள் விழிப்பாயிருக்குமாறு அட்வைஸ் பண்ணப்படுகிறார்கள் என்று வந்தது. பீ விஜிலன்டை வெட்டினோம். "தாழ்ந்த பகுதி" என்பதையும் வெட்டி, பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று ஊர்ப்பெயர்களைப் போட்டோம். தன் வீடு தாழ்ந்த பகுதி என்று யாரும் நினைப்பதில்லை. எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எழுதினோம். தண்ணீர் தங்கள் ஊருக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று எழுத வேண்டும் என்றார் கண்டாவளைக்காரர். மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லியும் ஒரு வரி வேண்டும் என்றார், வெள்ளத்தில் கட்டையில் நின்றபடி மாடு செத்ததைக் கண்டவர். அட்வைஸ்ட் டு மூவ் என்பதை மூவ் என்று ஆக்கினோம். எந்தப் பாடசாலைக்குப் போவது, 117 என்ற அனர்த்த முகாமைத்துவ இலக்கம், இரண்டையும் சேர்த்தோம்.

தலைப்புக்கு வந்தபோதுதான் நேரம் போனது. ஒருவர் டேஞ்சர் என்றார். இரவில் ஆறு அங்குலம் திறப்பதற்கும் டேஞ்சர், எல்லாக் கதவையும் முழுதாகத் திறப்பதற்கும் டேஞ்சர் என்றால் இரண்டாம் முறை யாரும் எழும்பமாட்டார்கள் என்று மற்றவர் மறித்தார். கதவைச் சற்றுத் திறக்கும் நாளுக்கு நோட்டிஸ், ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் வரக்கூடும் என்றால் வோர்னிங் என்று முடிவாயிற்று. டேஞ்சரைக் குளக்கட்டில், வான் பாயும் இடத்துக்குப் பக்கத்தில், செல்பி எடுக்க வருகிறவர்கள் நிற்கும் இடத்துக்கு ஒதுக்கினோம். அங்கே வழுக்கினால் என்ன நடக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.